ஜாரைப் பகைத்தார், ருஷ்யரை நேசித்தார்: போலந்தின் மகாகவி மிட்ஸ்கெவிச்

(இலக்கியக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



போலந்தின் தேசியக் கவிஞர் ஆதாம் மிட்ஸ்கெவிச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதலிலேயே ஒரு விசித்திரத்தைச் சொல்லிவிடுகிறோம். போலந்தின் இந்த மகாகவி, போலந்தின் தலைநகரான வார்சாவைத் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பார்த்தவரல்ல. பழைய தலைநகரான கிராக்கோவையும் பார்த்ததில்லை. அவர் பிறந்த ஊர் இன்று பெலாரஸ் நாட்டில் இருக்கிறது. படித்த ஊர் இன்று லிதுவேனியாவின் தலைநகர். அவருடைய பெருங்காவியமோ லிதுவேனியாவைத் தாயகமென்று விளித்துத்தான் தொடங்குகிறது. ஆகவே மூன்று நாட்டாரும் "அவர் எங்களவர்" என்கிறார்கள். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இந்த விசித்திரம் எப்படி நேர்ந்தது? 1798 டிசம்பர் 24ஆம் தேதி அவர் பிறந்தபோது, போலந்து என்ற பெயரில் பூமியில் ஒரு நாடே கிடையாது. ருஷ்ய ஜாரும் பிரஷ்ய மன்னனும் ஆஸ்திரிய சக்ரவர்த்தியும் 1772, 1793, 1795 ஆகிய மூன்று தவணைகளில் அந்த நாட்டை வெட்டித் தின்றுவிட்டார்கள். வேட்டையைப் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்குள் தகராறு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்! இறையாண்மை போய்விட்டது, பாராளுமன்றம் போய்விட்டது, பட்டாளம் போய்விட்டது. எஞ்சி நின்றது மொழி ஒன்றுதான். ஒரு நாடு முழுவதும் மொழிக்குள் குடிபோக நேர்ந்த காலத்தில் பிறந்த கவிஞர் இவர். போலந்தில் கவிஞர்களுக்கு இன்றளவும் இருக்கும் மரியாதை அங்கிருந்து வந்தது.

தகப்பனார் நொவோகுரூதெக் என்ற சிறு பட்டணத்தில் வக்கீல். பெயருக்குப் பிரபு வம்சம். கையில் காசு கிடையாது. 1812இல் அவர் காலமானார். அதே வருஷம் நெப்போலியனின் சேனை ருஷ்யாவை நோக்கி அந்தப் பட்டணத்தின் வழியாகப் போயிற்று. விடுதலை வருகிறது என்று ஊரே தெருவில் திரண்டு நின்றது. குளிர்காலத்தில் அதே சேனை கந்தல் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பதின்மூன்று வயதுப் பையன் இரண்டையும் கண்ட காலம் அது. நெப்போலியன் என்ற பெயரின் மீது அன்று விழுந்த மயக்கம் கடைசி மூச்சுவரை அவரை விடவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

1815இல் வில்னா சர்வகலாசாலையில் சேர்ந்தார். படித்து முடித்ததும் உபாத்தியாயராக வேலை செய்து ஈடுகட்ட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கிடைத்த உதவிச் சம்பளத்தில்தான் படிப்பு. 1817இல் அவரும் சில தோழர்களும் சேர்ந்து ஒரு மாணவர் சங்கம் அமைத்தார்கள். 'ஃபிலோமாத்', அதாவது அறிவை நேசிப்போர் என்று பெயர். ஆரம்பத்தில் அவர்கள் செய்ததெல்லாம் கட்டுரை வாசிப்பதும் ஒருவர் எழுத்தை மற்றவர் அலசிப் பார்ப்பதும்தான். ஆனால் நாடற்ற நாட்டில் பத்து இளைஞர்கள் கூடித் தாய்மொழியில் சிந்தித்தால் அது சர்க்காருக்கு அபாயமாகத் தெரியுமல்லவா? 1820இல் அவர் இளைஞர்களை விளித்துப் பாடிய பாட்டுக்குத் தணிக்கை அதிகாரி அனுமதி தரமாட்டார் என்பது தெரிந்ததே. அது கைப்பிரதியாகவே வாலிபர்களிடையே பரவிற்று.

அப்போது அவர் கௌனாஸ் என்ற சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். 1822இல் முதல் தொகுதி வெளிவந்தது. குடியானவர் பேசும் பேய்க்கதைகள், ஏரியில் மூழ்கிய பெண்களின் கதைகள், பாட்டிமார் பாட்டுகள் இவற்றிலிருந்து செய்த கதைப்பாடல்கள் அதில் இருந்தன. படித்த பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தொகுதியில் 'முன்னோர் இரவு' என்ற நாடகத்தின் இரு பகுதிகள் இருந்தன. இறந்தவர்களுக்குச் சோறும் பானமும் படைத்து, ஆவிகளை அழைத்துக் குறை கேட்கும் கிராமச் சடங்கு அது. மாதா கோயில் விரும்பாத சடங்கு. அந்தச் சடங்கிலே பண்ணையார் ஒருவரின் ஆவி பசியோடு வருகிறது. அவரால் பட்டினி கிடந்து செத்த அடிமைகள் பறவைகளாக வந்து, அவர் வாய்க்குப் போகும் சோற்றைத் தட்டிப் பறிக்கிறார்கள். கவிஞருக்கு அப்போது வயது இருபத்தைந்து நிரம்பவில்லை.

சிறையும் நாடு கடத்தலும்

1823இல் கைது. நொவசீல்ட்செவ் என்ற ஜாரின் கையாள் வில்னாவுக்கு வந்து, மாணவர் சங்கங்களைக் 'கண்டுபிடித்து' வேட்டையாடினான். பசீலியன் மடத்தைச் சிறையாக்கி இளைஞர்களை அடைத்தார்கள். மிட்ஸ்கெவிச் சுமார் ஆறு மாதம் உள்ளே இருந்தார். 1824இல் தீர்ப்பு வந்தது: போலந்து மண்ணில் இருக்கக் கூடாது, ருஷ்யாவின் உட்பகுதியில் சர்க்கார் சொல்லும் இடத்தில் உத்தியோகம் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் வண்டியேறினார். பிறந்த மண்ணை அதற்குப் பிறகு அவர் காணவே இல்லை.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். ஏனென்றால் நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது.

ருஷ்யாவுக்குத் தண்டனைக் கைதியாகப் போகிறவன் எதை எதிர்பார்த்துப் போவான்? எதிரிகளின் நாட்டுக்குப் போகிறோம் என்றுதானே! ஆனால் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் கண்டது வேறு. ரிலேயெவ், பெஸ்டுஷெவ் என்ற இரு எழுத்தாளர்கள் அவரைச் சகோதரனைப் போல வரவேற்றார்கள். அவர்கள் ஜாருக்கு எதிரான ரகசிய சங்கத்தில் இருந்தவர்கள். போலந்தை ஒடுக்கும் அதே கை தங்கள் சொந்த ருஷ்ய விவசாயியின் முதுகிலும் சாட்டையை வீசுகிறது என்று உணர்ந்தவர்கள். 1825 டிசம்பரில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். டிசம்பரிஸ்டுகள் என்ற பெயர் அதனால்தான். எழுச்சி நசுக்கப்பட்டது. 1826இல் ஐவரைத் தூக்கிலிட்டார்கள். ரிலேயெவ் அவர்களில் ஒருவர். பெஸ்டுஷெவ் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தச் சமயம் மிட்ஸ்கெவிச் மாஸ்கோவில் இருந்தார். அங்கேதான் புஷ்கினின் நட்பு. இரு மொழிகளின் இரு பெருங்கவிகள், கிட்டத்தட்ட ஒரே வயதினர், ஒருவர் கவிதையை மற்றவர் மொழிபெயர்த்தார்கள். கிரிமியாவுக்குப் போய்வந்த அனுபவத்தைப் பாடிய பதினான்கடிப் பாக்கள் 1826இல் மாஸ்கோவிலேயே அச்சாயின.

1828இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'கான்ராட் வாலன்ராட்' வந்தது. ஜெர்மன் மதவெறிப் படையினரிடம் சிறுவனாகச் சிக்கிய லிதுவேனியன் ஒருவன், வளர்ந்து அவர்களுக்கே தலைவனாகி, உள்ளிருந்தே அவர்களை நாசம் செய்யும் கதை. பதினான்காம் நூற்றாண்டுக் கதைதானே என்று தணிக்கை அதிகாரி அனுமதித்துவிட்டார். நொவசீல்ட்செவ் மட்டும் விழித்துக்கொண்டு, இது இன்றைய சங்கதி, ஜாருக்கு எதிரான சங்கதி என்று மேலிடத்துக்கு எச்சரிக்கை எழுதினான். அந்தக் காவியத்தை மிகவும் சரியாகப் படித்த விமர்சகன் அந்தப் போலீஸ் மூளைக்காரன்தான் என்று சொல்லத் தோன்றுகிறது!

1829இல் நண்பர்களின் உதவியோடு கப்பலேறி ருஷ்யாவை விட்டு வெளியேறினார். வைமாரில் முதிய கதேயைச் சந்தித்தார். ரோமுக்குப் போனார்.

ஒரே மேலங்கியின் கீழ்

1830 நவம்பர் 29ஆம் தேதி வார்சாவில் புரட்சி வெடித்தது. 1831 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட ருஷ்யப் புரட்சிக்காரர்களுக்கு அஞ்சலியாக வார்சா மக்கள் ஊர்வலம் போனார்கள். "நமது சுதந்திரத்திற்காகவும் உங்கள் சுதந்திரத்திற்காகவும்" என்ற வாசகம் அன்றைய கொடிகளில் போலிஷிலும் ருஷ்ய மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. ஜாரின் பட்டாளம் எதிரே வந்துகொண்டிருக்கும் வேளையில் ருஷ்ய மொழியில் எழுதிய கொடி! வில்னாவில் மிட்ஸ்கெவிச்சுக்குச் சரித்திரம் போதித்த பேராசிரியர் லெலெவெலின் பெயரோடுதான் இந்த வாசகம் சேர்த்துப் பேசப்படுகிறது.

ஆனால் புரட்சிக்குத் தலைமை தாங்கிய பிரபுக்கள் ஒன்றைச் செய்யவில்லை. விவசாயிக்கு நிலம் கொடுக்கவில்லை. அந்தப் பிரச்னை புரட்சிப் பாராளுமன்றத்துக்கு வந்தது, தள்ளிப்போடப்பட்டது. நிலமில்லாதவன் யாருடைய நாட்டுக்காக உயிரைக் கொடுப்பான்? 1831 செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. இதைத்தான் பின்னால் மார்க்சும் எங்கெல்சும் கம்யூனிஸ்ட் அறிக்கையில் ஒரு வரியில் தீர்த்துவைத்தார்கள்: போலந்தில் நிலப்புரட்சியே தேச விடுதலைக்கு முதல் நிபந்தனை என்று சொல்லும் கட்சியை ஆதரிக்கிறோம் என்றார்கள்.

மிட்ஸ்கெவிச் போர்க்களத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிரஷ்யாவின் பிடியிலிருந்த போலிஷ் பகுதி வரை வந்தார், எல்லையைத் தாண்டவில்லை. ஏன் தாண்டவில்லை என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அந்தக் குற்றவுணர்வு அவரைப் பிடுங்கித் தின்றது என்பது மட்டும் நிச்சயம். 1832இல் டிரெஸ்டன் நகரத்தில் தோற்றுப்போன வீரர்களுக்கு நடுவே உட்கார்ந்து 'முன்னோர் இரவு' மூன்றாம் பகுதியை எழுதினார். வில்னா மடச் சிறைதான் அதன் களம். பள்ளிக்கூடப் பையன்களை விலங்கு பூட்டி மூடு வண்டிகளில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பும் காட்சியைப் படித்துவிட்டு ஒருவன் அன்றிரவு தூங்க முடியாது.

அந்த நாடகத்தின் அனுபந்தமாக ருஷ்யாவைப் பற்றிச் சில கவிதைகள் இருக்கின்றன. ஒன்றிலே பீட்டர்ஸ்பர்க் நகரம், மாலை நேரம், மழை. மகா பீட்டரின் வெண்கலக் குதிரைச் சிலைக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் கைகோத்து, ஒரே மேலங்கியைப் போர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் மேற்கிலிருந்து வந்த நாடோடி. மற்றவன் ருஷ்யக் கவிஞன். அந்தக் கொடுங்கோலனின் சிலையைப் பார்த்து ருஷ்யன் பேசுகிறான், போலந்துக்காரன் கேட்கிறான். புஷ்கினா, ரிலேயெவா என்று பண்டிதர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நமக்கு அந்த வாதம் முக்கியமில்லை. அந்த மேலங்கிதான் முக்கியம்.

இன்னொரு கவிதை மாஸ்கோ நண்பர்களுக்கு எழுதிய கடிதம். தாம் கட்டித் தழுவிய ரிலேயெவின் கழுத்து தூக்குக் கயிற்றில் தொங்கியதையும், பெஸ்டுஷெவின் கரத்துக்கு விலங்கு விழுந்ததையும் நினைத்து அழுகிறார். ஜாரிடம் பட்டமும் பதக்கமும் வாங்கிக்கொண்டவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம் என்கிறார். இத்தனைக்கும் அது எழுதப்பட்ட வருஷம் எது? வார்சா வீழ்ந்த மறு வருஷம். போலந்து வீடுகளிலெல்லாம் ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்த வருஷம். ருஷ்யன் என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்பக்கூடிய காலத்தில், ருஷ்ய நண்பர்களின் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விட ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

புஷ்கினிடம் அன்று அந்த உரம் இருந்ததா என்றால், வருத்தத்தோடு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1831இல் அவர் போலந்து எழுச்சிக்கு எதிராகக் கவிதை எழுதினார். சிலைக் கவிதைக்குப் பதில்போல 1833இல் 'வெண்கலக் குதிரைவீரன்' எழுதினார். அது மகத்தான காவியம் என்பதில் சந்தேகமில்லை. 1837இல் புஷ்கின் துப்பாக்கிச் சண்டையில் மாண்டபோது, பாரீஸ் பத்திரிகை ஒன்றில் அஞ்சலி வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. 'புஷ்கினின் நண்பன்' என்று மட்டும் கையொப்பம். எழுதியவர் மிட்ஸ்கெவிச்.

1834இல் பாரீசில் வெளிவந்த 'பான் தாதேயுஷ்' பன்னிரண்டு காண்டங்கள் கொண்ட காவியம். 1811, 1812ஆம் வருஷங்களின் லிதுவேனியக் கிராமம். ஒரு பாழடைந்த கோட்டைக்காக இரு குடும்பங்கள் சண்டை போடுகின்றன. காளான் பறித்தல், கரடி வேட்டை, காப்பி காய்ச்சும் பக்குவம், மது, வம்பு வழக்கு எல்லாம் உண்டு. பாரீசின் குளிரில் நாடிழந்தவர்கள் வாசித்து வாசித்து அழுத புத்தகம் இது. இதிலும் நாம் சொன்ன அந்த நூல் அறுபடவில்லை. ஜாரின் பட்டாளத்தில் இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். நேர்மையான வீரனாக வரும் கேப்டன் ரீக்கவ் ருஷ்யன். லஞ்சம் வாங்கும் அயோக்கியனான மேஜரோ, ஜாரிடம் விலைபோன போலந்துக்காரன்! யூதச் சத்திரக்காரர் யாங்கியேல் கம்பி வாத்தியம் ஒன்றில் போலந்தின் சரித்திரத்தையே வாசித்துக் காட்டும் இடம் காவியத்தின் சிகரம். கடைசியில் கதாநாயகன் தன் பண்ணையடிமைகளை விடுவிக்கிறான்.

குறையும் சொல்ல வேண்டுமல்லவா? அந்தக் காவியத்தில் விவசாயி பேசுவது அபூர்வம். விடுதலை அவனுக்கு எசமான் வீட்டுக் கல்யாண விருந்தில் தானமாகக் கிடைக்கிறது, அவனாக எடுத்துக்கொள்வதில்லை. கவிஞர் மாடி வீட்டு ஜன்னலிலிருந்துதான் வயலைப் பார்த்தார். ஆனால் தம் புத்தகம் ஒருநாள் கூரைக் குடிசைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே தம் ஆசை என்று அவர் முடிவுரையில் எழுதிவைத்தார். அந்த முடிவுரை அவர் உயிரோடிருக்கும்போது அச்சாகவில்லை.

மயக்கமும் தெளிவும்

பிறகு வந்த ஆண்டுகள் கஷ்டமானவை. மனைவி செலினாவுக்குச் சித்தபிரமை, ஆறு குழந்தைகள், வறுமை. 1840இல் பாரீசின் பிரான்ஸ் கல்லூரியில் ஸ்லாவ் இலக்கியத்துக்கு ஆசிரியரானார். அடுத்த ஆண்டே தொவியான்ஸ்கி என்ற சாமியாரின் வலையில் விழுந்தார். போலந்து சிலுவையிலறையப்பட்ட கிறிஸ்து, நெப்போலியனின் ஆவி உலகை ரட்சிக்கும் என்றெல்லாம் வகுப்பிலேயே பேசத் தொடங்கினார். 1844இல் சர்க்கார் அவரை வகுப்பிலிருந்து விலக்கிவிட்டது. நெஞ்சில் தேசத்தின் புண் ஆறாமலிருந்தவர், மருந்தென்று நினைத்து மாந்திரீகத்தைத் தின்றார் என்றே நாம் கருதுகிறோம். இந்த அத்தியாயத்தை மறைத்துவிட்டு அவரைப் பூஜை செய்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆனால் 1848இல் ஐரோப்பா பற்றியெரிந்தபோது இதே மனிதர் எழுந்து நின்றார். போப்பாண்டவரின் கையைப் பற்றிக்கொண்டு, கடவுளின் ஆவி இன்று பாரீஸ் தொழிலாளியின் சட்டைக்குள் இருக்கிறது என்று முழங்கியதாகச் சொல்வார்கள். ரோமில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு ஒரு போலிஷ் படையைத் தொடங்கினார். அந்தப் படைக்கு அவர் எழுதிய கொள்கைப் பிரகடனத்தைப் பாருங்கள்: எல்லாக் குடிமக்களும் சமம்; பெண்ணுக்குச் சம உரிமை; யூதர் மூத்த சகோதரர், அவருக்கும் சம உரிமை; ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலம்; ஒவ்வொரு கிராமத்துக்கும் பொது நிலம். 1831இல் பிரபுக்கள் தள்ளிப்போட்டதை 1848இல் கவிஞர் எழுதிவிட்டார்.

1849 மார்ச்சில் பாரீசில் 'மக்கள் மேடை' என்ற பிரெஞ்சுப் பத்திரிகையைத் தொடங்கினார். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர், ருஷ்யர், ஸ்பானியர் என்று பல நாட்டாரும் எழுதிய பத்திரிகை. அதில் அவர் சோஷலிசத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதினார். கூடவே நெப்போலியன் பெயரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையின் தொடக்க விருந்தில் அந்தப் பேச்சைக் கேட்டு மனம் நொந்துபோனதை ருஷ்யப் புரட்சிக்காரர் ஹெர்ஸன் எழுதிவைத்திருக்கிறார். பத்திரிகையின் கழுத்தை நெரித்தது யார் தெரியுமா? அதே நெப்போலியனின் தம்பி மகன் லூயி போனபார்ட்டின் சர்க்கார்தான்! ஜூனில் நிறுத்தினார்கள், செப்டம்பரில் மறுபடி வந்தது, நவம்பரில் அடியோடு ஒழிந்தது. 1852இல் பேராசிரியர் பதவியும் போய், ஒரு நூலகத்தில் வேலை பார்த்தார்.

1855இல் மனைவி இறந்தாள். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஜாருக்கெதிராகப் படை திரட்டக் கான்ஸ்டாண்டினோபிளுக்குப் போனார். யூதர்களைக் கொண்டே தனியாக ஒரு படை அமைக்க முயன்றார். அங்கே நவம்பர் 26ஆம் தேதி, பெரும்பாலும் காலராவினால் என்று கருதப்படுகிறது, உயிர் பிரிந்தது. உடல் பிரான்சுக்குப் போய், 1890இல் கிராக்கோவின் மன்னர்கள் துயிலும் வாவெல் ஆலயத்துக்கு வந்தது. உயிரோடு பார்க்காத நகரத்துக்குப் பிணமாக வந்தார்.

இறந்த பிறகும் அவரை ஆட்சிகள் சும்மா விடவில்லை. 1940இல் ஹிட்லரின் ஆட்கள் கிராக்கோவிலிருந்த அவர் சிலையை இடித்தார்கள். வார்சா சிலைக்கும் 1944இல் அதே கதி. உடைந்த துண்டுகள் சில யுத்தத்துக்குப் பின் ஹாம்பர்க்கில் கிடைத்தன. 1950இல் வார்சாவிலும் 1955இல் கிராக்கோவிலும் மக்கள் குடியரசு சிலைகளை மறுபடி நிறுத்தியது. 1949இல் எழுத்தறியாமையை ஒழிக்கச் சட்டம் செய்து, கூரைக் குடிசைகளுக்குள் புத்தகங்களைக் கொண்டுபோனதும் அந்த ஆட்சிதான். இதைப் பெருமையோடு சொல்கிறோம்.

பெருமையைச் சொன்ன அதே வாயால் அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 1967 நவம்பரில், அக்டோபர் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டி, வார்சா தேசிய நாடக அரங்கில் 'முன்னோர் இரவு' மேடையேறியது. ஜாரை எதிர்க்கும் வசனங்கள் வந்தபோதெல்லாம் ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் யாருக்கு எதிராக என்று ஆட்சியாளருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாடகத்தை நிறுத்தினார்கள். 1968 ஜனவரி 30, கடைசிக் காட்சி. முடிந்ததும் மாணவர்கள் கவிஞரின் சிலைக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. மார்ச்சில் சர்வகலாசாலைகள் கொந்தளித்தன. அதோடு நிற்கவில்லை. யூதர்களின் மீது பழி சுமத்தும் பிரசாரம் கட்டவிழ்த்து விடப்பட்டது. ஆயிரக்கணக்கான யூதர்கள் நாட்டைவிட்டே போனார்கள். யாங்கியேலைப் படைத்தவரின் நாட்டிலிருந்து, தொழிலாளி வர்க்கத்தின் பெயரால் நடந்த ஆட்சியில்! பகைவன் செய்த அக்கிரமத்தைச் சொல்ல நமக்கு நாக்கு வழங்குகிறது. நம்மவர் செய்ததைச் சொல்லும்போதும் அது தடுமாறக் கூடாது.

அவர் நூல்களில் எதை முதலில் படிப்பது என்று கூட்டத்துக்கு முன்பே சில நண்பர்கள் கேட்டார்கள். 'பான் தாதேயுஷ்' ஆங்கிலத்தில் கிடைக்கிறது. 1917இல் நாயஸ் செய்த உரைநடை மொழிபெயர்ப்பும், 2018இல் பில் ஜான்ஸ்டன் செய்த கவிதை மொழிபெயர்ப்பும் உண்டு. முதல் காண்டத்தில் ஆட்கள் பெயர் குழப்பும், பயப்பட வேண்டாம். அப்படியும் ஓடவில்லையென்றால் நேரே பன்னிரண்டாம் காண்டத்துக்குப் போய், யாங்கியேல் வாத்தியத்தை எடுக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். படித்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்.